பழுதில்லாத கார்

“சேர், நீங்க ஏறி ஸ்டேரிங்க மட்டும் புடிங்க. மத்தத நாங்க பாத்துக்கிறோம்” என்று சொல்லி மூக்கன் காரின் பின்பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். உழவுக்குப் போகிற மாட்டைத் தட்டிக் கொடுப்பது போலத்தான் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பாதிச் சனம் நிரஞ்சனின் வீட்டு வாசலில் நின்றது. தோட்டத் தலைவர் மூக்கன் ஒரு வார்த்தை சொன்னால் சிரமதானத்துக்கு ஆள் சேராமல் போனதில்லை. கோயிலுக்குக் கூரை போட, தண்ணீர்க் குழாய் இழுக்க, செத்தவரைக் குழிமேட்டுக்குத் தூக்க என்று வருகிற அதே ஆட்கள், கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் சுற்றுகிற அதே படங்கோடு, இன்றைக்கு நிரஞ்சனின் காரை மேல் ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போக வந்திருந்தார்கள். மேல் ரோட்டுக்கு ஏற்றிவிட்டால் பிறகு நோர்வூட் வரைக்கும் இறக்கம். பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே கராஜ் வாசலில் போய் நிறுத்திவிடலாம் என்பது மூக்கனின் கணக்கு. கராஜ் பாஸிடமும் பேசி வைத்திருந்தார்.

நிரஞ்சன் ஏறி உட்கார்ந்தான். அவன் சட்டைப் பையில் ஒரு வயர் இருந்தது. கறுப்பு, விரல் மொத்தம், ஒரு சாண் நீளம். எஞ்சினில் அதன் இடத்தில் அதைச் சொருகிச் சாவியைத் திருகினால் போதும், கார் கத்திக்கொண்டு கிளம்பிவிடும். காருக்கு ஒரு கேடும் இல்லை. கேடெல்லாம் உள்ளே உட்கார்ந்திருந்த ஆளுக்குத்தான்.

அது ஸ்ரீ இலக்கத் தகடு போட்ட பழைய கார். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் பென்ஷன் வாங்கிக்கொண்டு போகும்போது விற்றுவிட்டுப் போனது. நோர்வூட்டில் கணக்கு வாத்தியாராக வேலை கிடைத்த பிறகு நிரஞ்சன் அதை வாங்கினான். லயத்து ஒற்றையறைக் காம்பராவில் பிறந்து வளர்ந்த ஒருவன் சொந்தமாகக் கார் வாங்கியது அந்தத் தோட்டத்தில் அதுதான் முதல் தடவை. அன்றைக்கு நடந்த கூத்தைக் கேட்கவே வேண்டாம். ஆரத்தி என்ன, பூசணிக்காய் என்ன, பானெட்டில் சந்தனம் பூசியது என்ன! காரை நிறுத்த இடமில்லை என்றதும் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா தன் மரக்கறித் தோட்டத்தில் பாதியைக் கொத்திச் சமன்படுத்திக் கொடுத்துவிட்டாள். லீக்ஸ் நட்டிருந்த இடம். முற்றாத லீக்ஸைப் பிடுங்கி வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டு, “தம்பி காரு நனையக்கூடாது” என்றாள். தகரக் கொட்டகையையும் சனமே போட்டது.

நிரஞ்சனுக்கு அன்றைக்கு அழுகை வந்தது. அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. சின்ன வயதில் தோட்டத்தை நடத்துகிற துரையின் ஜீப் தோட்டத்துப் பாதையில் வந்தால் அவனுடைய அப்பா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிடுவார். மழையென்றாலும் குடையை மடக்கிவிடுவார். ஜீப் தாண்டிப் போகும் வரைக்கும் அப்பனும் மகனும் நனைந்துகொண்டு நிற்பார்கள். ஏன் குடையை மடக்க வேண்டும் என்று கேட்டால், நனைஞ்சா கரைஞ்சா போயிருவ என்பார். இப்போது வருகிற துரைமார் அதையெல்லாம் எதிர்பார்ப்பதில்லை. சனத்துக்குத்தான் பழக்கம் விடவில்லை. ஜீப்பைக் கண்டால் இன்றைக்கும் கால் தானாகக் கானுக்கு இறங்கும். ஆனால் நிரஞ்சனின் கார் வந்தால் ஒருவரும் ஒதுங்கியதில்லை. நட்டநடு ரோட்டில் நின்று கையைக் காட்டுவார்கள். அவன் பிரேக் போட்டுத்தான் ஆகவேண்டும். “எங்க கார்ல போனோம்” என்று சொல்வார்கள். அந்த ‘எங்க’ அவனுக்குப் பல வருடம் வெல்லமாக இனித்தது.

கசந்தது எப்போது என்று கேட்டால் அவனால் ஒரு நாளைச் சொல்ல முடியும். பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா முடிந்து நல்ல மழை. இங்கிலிஷ் வாத்தியார் அன்டனையும் புதிதாக வந்திருந்த ஒரு டீச்சரையும் பஸ் நிலையம் வரை ஏற்றிக்கொண்டான். அந்த டீச்சர் உட்காரப் போனவள் சட்டென்று நிமிர்ந்து கைக்குட்டையை எடுத்துச் சீட்டில் விரித்தாள். சீட்டில் வெற்றிலைக் கறை இருந்தது. கீழே காய்ந்த சேறு, கொழுந்து இலை, யாரோ விட்டுப்போன குழந்தைத் துணி. அன்டன் நல்ல மனுசன்தான். வாய்தான் சும்மா இருக்காது. “இது என்னங்க, காரா, லயமா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் நிரஞ்சனும் சிரித்தான். சிரித்தது மட்டுமா, “என்ன செய்யிறது, எவ்வளவு கழுவினாலும் அந்த வாசம் போகமாட்டேங்குது” என்று தானே எடுத்துக் கொடுத்தான். சொன்ன வாய்க்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தன் அம்மாவின் படங்குக்கும் அதே வாசம்தான் என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

அதற்குப் பிறகுதான் வேறு கார் எண்ணம் புகுந்தது. கினிகத்தேனையில் கார் தரகு பார்க்கிற ஜெயகாந்தன் ஒரு வெள்ளைக் காரைக் காட்டினான். சின்னக் கார். சீட்டுக்குப் போட்ட பொலித்தீனைக்கூட முந்தைய சொந்தக்காரர் கழற்றவில்லை. அந்தப் பொலித்தீனைத் தடவிப் பார்த்தபோதே நிரஞ்சன் மனதில் ஒன்றை முடிவு கட்டிவிட்டான். இதைக் கழற்றக்கூடாது. இதில் யாரும் ஏறக்கூடாது. கேட்டால் என்ன சொல்வது என்பதைக்கூட யோசித்து வைத்துவிட்டான். லீசிங் வண்டி, வெளியாள் ஏற்றினால் கம்பெனிக்காரன் பறித்துக்கொண்டு போய்விடுவான் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. பழைய காரை ஜெயகாந்தனே எடுத்துக்கொள்வான்.

அவன் மனைவி சுதர்ஷினி வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அவளுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. காரின் அடித் தகடு துருப்பிடித்து, ஓர் இடத்தில் ஓட்டை விழுந்து ரோடு தெரிகிறதுதான். சீட்டுப் பஞ்சு வெளியே வந்துவிட்டதுதான். தகட்டை வெட்டி ஒட்டி, சீட்டுக்கு உறை தைத்து, பெயின்ட் அடித்தால் இன்னும் நாலைந்து வருடம் ஓடாதா என்று கேட்டாள். எஞ்சின் கிழவி மாதிரி இருமினாலும் ஏற்றத்தில் நிற்காமல் ஏறுகிறதே என்றாள். அதற்கு அவன் எரிபொருள் கணக்கு சொன்னான், உதிரிப்பாகம் கிடைக்காத கதை சொன்னான், அட்டவணை போட்டுக் காட்டாத குறைதான். கணக்கு வாத்தியாருக்குச் சொல்லித்தரவா வேண்டும்? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், “இதெல்லாம் சரி. காரணம் என்னங்க?” என்று மட்டும் கேட்டாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

ஜெயகாந்தன் பழைய காரைப் பார்க்க வருவதாகச் சொன்ன வாரம் அது. நிரஞ்சன் சீட்டையெல்லாம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து வெயில் காட்டி வைத்திருந்தான். அப்போதுதான் பேச்சியம்மா வந்தாள். மகள் கிருஷாந்திக்கு மாதம் நெருங்கிவிட்டது, நாளைக்கு டிக்கோயாவில் கிளினிக், தம்பி கொஞ்சம் கொண்டுபோய் விட்டுரு என்றாள். கேட்கக்கூட இல்லை, வழக்கம் போலச் சொன்னாள். கிருஷாந்தியின் முதல் பிள்ளை தங்கவில்லை. அன்றைக்கு நிரஞ்சன் கண்டியில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தான். லொறி பிடித்து ஏற்றிக்கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. லயத்துக்கு இறங்குகிற பாதையின் வளைவில் பெரிய வண்டி எதுவும் திரும்பாது. ஆம்புலன்ஸ் வந்தாலும் மேல் ரோட்டில்தான் நிற்க முடியும். இந்தப் பழைய குட்டிக் கார் ஒன்றுதான் வாசல் வரைக்கும் வரும். இதெல்லாம் நிரஞ்சனுக்கு மனப்பாடம். இருந்தும் தேய்த்துக் காயவைத்த சீட்டைப் பார்த்துக்கொண்டே வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான்.

“கார் ஸ்டார்ட் ஆகலக்கா. எஞ்சின் போயிருச்சு போல.”

பேச்சியம்மாவின் முகம் வாடிப்போனது. ஆனால் அது மகளை நினைத்து இல்லை. “ஐயோ, எஞ்சினா? நீ வருத்தப்படாத தம்பி” என்றாள். போனவள் சும்மா போகவில்லை. லயம் முழுக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அந்தப் பொய்க்குத் தீனி போடுவதே நிரஞ்சனின் வேலையாகிவிட்டது. தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமா என்று மூக்கன் வந்து நின்றார். அவருக்கு முன்னால் கார் கிளம்பித் தொலைத்தால் என்ன ஆவது என்று பயந்து வயரைக் கழற்றினான். கழற்றியதைச் சுதர்ஷினி பார்த்துவிட்டாள். பார்த்தவள் ஒன்றும் சொல்லாமல் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். “பத்திரமா வைங்க, சட்டையத் தோய்க்கும்போது தண்ணியில போயிரப்போகுது” என்றாள். பானெட்டைத் திறக்கலாமா என்று யார் கேட்டாலும், கராஜில் பிரித்துத்தான் பார்க்க வேண்டும், கை வைத்தால் இன்னும் கெட்டுவிடும் என்றான். வாத்தியார் சொன்னால் சனம் நம்பும். அதுதான் பெரிய கொடுமை. அவனும் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனான். ஜெயகாந்தனிடம் வருகையைத் தள்ளிப்போடச் சொன்னான். கிளினிக் நாளில் கிருஷாந்தி இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மேல் ரோட்டுக்கு ஏறிப் போவதை ஜன்னலில் பார்த்தான். நின்று மூச்சு வாங்கி, மறுபடி ஏறி, மறுபடி நின்றாள். அவன் ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். கூப்பிட்டிருக்கலாம். வயரைச் சொருக எவ்வளவு நேரம் ஆகும்! ஆனால் கிளம்பிவிட்ட எஞ்சினுக்கு என்ன விளக்கம் சொல்வது? அப்படித்தான் ஒரு வெட்கத்தை மறைக்கப் போய் இன்னொரு வெட்கத்தில் விழுந்து கிடந்தான்.

இப்போது கார் நகர்ந்தது.

“புடி… ஆங், தள்ளு!” என்று மூக்கன் குரல் கொடுக்க, பின்னாலிருந்து ஒரு மூச்சு எழுந்தது. கொட்டகையைத் தாண்டி, தண்ணீர் பிடிக்கிற பீலியைத் தாண்டி, கார் ஏற்றத்தில் ஏறத் தொடங்கியது. சுதர்ஷினி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நீங்க இருங்க டீச்சர் என்று பெண்கள்தான் அவளைப் பிடித்து ஏற்றியிருந்தார்கள். அவள் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். முதல் வளைவில், “நிப்பாட்டுங்க” என்று இறங்கிக்கொண்டாள். ஏன் டீச்சர் என்று கேட்டவர்களிடம், “உக்காந்திருக்க ஒரு மாதிரியா இருக்கு” என்றாள். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு பின்னால் போய் அவளும் கை வைத்தாள். கண்ணாடியில் நிரஞ்சனுக்கு அவளுடைய நெற்றி தெரிந்தது, பேச்சியம்மாவின் நெற்றிக்குப் பக்கத்தில். இரண்டும் வியர்த்திருந்தன.

மழை பிடித்தது. அவன் பக்கத்துக் கண்ணாடி மேலே ஏறாது. அது நிஜமான பழுது. சாரல் தோளில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் விழாமல் போயிற்று. திரும்பிப் பார்த்தால் கிருஷாந்தி. வயிற்றைத் தள்ளிக்கொண்டு காரோடு காராக நடந்து, தன் குடையை அவன் ஜன்னலுக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுடைய ஒரு பக்கம் நனைந்துகொண்டிருந்தது.

“நீ எதுக்கும்மா வந்த? வீட்டுக்குப் போ” என்றான்.

“டாக்டரம்மா நல்லா நடக்கச் சொல்லியிருக்காங்க சேர். நீங்க ரோட்டப் பாருங்க” என்றாள்.

அடித் தகட்டு ஓட்டை வழியாக ரோடு தெரிந்தது. அங்குலம் அங்குலமாகச் சேறும் கல்லும் பின்னால் போயின. இத்தனை பேர் மூச்சில் தன்னைச் சுமந்துகொண்டு போகிறார்கள் என்று அவன் நினைத்தான். உடனே, சுமக்கிறதுக்கு ஒரு பிணமாவது லேசாக இருக்கும் என்றும் நினைத்தான். பேச்சியம்மாவுக்கு இருமல் வந்தது. இருமிக்கொண்டே தள்ளினாள். வழுக்கிய இடத்தில் யாரோ விழுந்து எழும்ப, மற்றவர்கள் கேலி பண்ணிச் சிரித்தார்கள். எல்லாருக்கும் ஏதோ திருவிழா மாதிரி. கிருஷாந்தி புள்ளையைக் கூட்டிக்கிட்டு இந்தக் கார்ல வரும்போது முன்னாடி யார் உக்கார்றது என்று இப்போதே சண்டை போட்டுக்கொண்டார்கள். சட்டைப் பைக்குள் வயர் நெஞ்சில் குத்தியது. மேல் ரோடு வந்துவிட்டால் தப்பித்தேன், இறக்கத்தில் தனியாக உருண்டு போய்விடலாம் என்று அவன் புத்தி ஒரு பக்கம் கணக்குப் போட்டது. சீ என்று இருந்தது.

மேல் ரோட்டுக்குச் சற்று முன்னால், பெக்டரி வளைவில், ரோதமுனி கல் இருக்கிறது. பெக்டரிச் சக்கரங்களுக்கும் ஓடுகிற வண்டிகளுக்கும் காவல் அந்தச் சாமி. கார் வாங்கிய அன்றைக்கும் இங்கேதான் தேங்காய் உடைத்தார்கள். மூக்கன் டயருக்கு ஒரு கல்லை அணை கொடுத்துவிட்டு எல்லாரையும் மூச்சு வாங்கச் சொன்னார். பேச்சியம்மா முந்தானையில் முடிந்து வந்திருந்த சூடத்தைக் கல்லின் மேல் வைத்தாள். மழைக்கு மறைவாகக் கிருஷாந்தி குடையைப் பிடித்தாள். “சாமி, எங்க காரு நல்லபடியா வீடு வந்து சேரணும். எம் மக அதுல போயி அதுல வரணும்” என்று பேச்சியம்மா சத்தமாகவே வேண்டிக்கொண்டு சூடத்தை ஏற்றினாள். பிறகு திரும்பி, “வா தம்பி, வந்து தொட்டுக் கும்புடு” என்றாள்.

நிரஞ்சன் இறங்கினான். அந்தத் தோட்டத்தில் எரிகிற சூடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு பொய் சொன்னவன் கிடையாது. சண்டை சச்சரவு என்றால் மூக்கன் இரண்டு பேரையும் இங்கேதான் கூட்டிவருவார். நிரஞ்சனுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை போய் வெகுகாலம். ஆனால் கையை நீட்டப் போனபோது கை வரவில்லை. சுதர்ஷினி எதிரில் நின்றாள். அவள் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப் பையைப் பார்த்தாள்.

அவன் வயரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

“காருக்கு ஒன்னுமில்ல. நான்தான் இதக் கழட்டி வச்சேன்.”

ஒருவருக்கும் புரியவில்லை. மூக்கன் சிரித்துக்கொண்டே, அப்ப இதுதான் பழுதா சேர் என்று கேட்டார். நிரஞ்சன் இல்லை என்று தலையாட்டினான். எஞ்சின் கெடவே இல்லை, கிளினிக்குக்குக் கேட்ட அன்றைக்குப் பொய் சொன்னேன், அன்றையிலிருந்து பொய்தான் சொல்கிறேன் என்றான். வேறு கார் பார்த்து வைத்திருப்பதையும் சொன்னான். அதில் யாரையும் ஏற்றுவதாக இல்லை என்பதை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சனம் ஒன்றும் சோற்றை மூக்கால் தின்கிற சனம் இல்லை. மூக்கனின் சிரிப்பு போய்விட்டது. பெண்கள் படங்கில் கையைத் துடைத்தார்கள். யாராவது நாலு வார்த்தை ஏசினால் தேவலை என்று அவன் தவித்தான். ஏசவில்லை.

பேச்சியம்மா தன் காலைப் பார்த்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. அவனை அவள் இடுப்பில் வைத்துச் சோறூட்டியிருக்கிறாள். வாத்தியாரான பிறகும் ஊரே சேர் என்று கூப்பிட, அவள் ஒருத்திதான் தம்பி என்றே சொல்லி வந்தாள்.

“எங்கிட்டச் சொல்லியிருந்தா, நாங்க கேட்டிருக்கவே மாட்டோமே சேர்” என்றாள்.

அவ்வளவுதான். சாமிக்கென்று கொண்டுவந்த தேங்காயைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்று மூக்கன் அதைக் கல்லில் உடைத்தார். ஒரு மூடியைக் கார் சீட்டில் கொண்டுபோய் வைத்தார், எப்போதும் வைக்கிற மாதிரியே. பிறகு எல்லாரும் வந்த வழியே இறங்கத் தொடங்கினார்கள். சுதர்ஷினியும் அவர்களோடு போனாள்.

நிரஞ்சன் பானெட்டைத் திறந்து வயரைச் சொருகினான். சாவியைத் திருகியதும் கார் ஒரு இருமல்கூட இருமாமல் கிளம்பியது. கொஞ்சமாவது அடம்பிடித்திருக்கக்கூடாதா சனியன் என்று அவனுக்கு ஆத்திரம் வந்தது. காரைத் திருப்பிக்கொண்டு இறங்கினான். மழை வலுத்திருந்தது. ரோட்டில் டயர் தடத்தின் இரண்டு பக்கமும், அவனைத் தள்ளிக்கொண்டு ஏறிய கால்தடங்கள் வழிநெடுகத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தன.

அடுத்த வளைவில் அவர்கள் தெரிந்தார்கள். நிறுத்தி ஏற்றிக்கொள்வோம், இரண்டு தடவையானாலும் மூன்று தடவையானாலும் எல்லாரையும் இறக்கிவிடுவோம், காலில் விழச் சொன்னாலும் விழுவோம் என்று அவன் நினைத்துக்கொண்டான். வேகத்தைக் குறைத்தான். யாராவது கையைக் காட்டுவார்கள் என்று பார்த்தான். எஞ்சின் சத்தம் கேட்டு முன்னால் போன மூக்கன் திரும்பினார். திரும்பி, கானுக்குள் இறங்கி நின்றார். அவரைப் பார்த்து அடுத்தவர். அப்படியே ஒவ்வொருவராகத் தேயிலையோடு ஒட்டி ஒதுங்கினார்கள். ரோடு முழுக்க அவனுக்கென்று காலியானது.

பேச்சியம்மா ஒரு குடைக்குள் மகளை ஒரு பக்கமும் சுதர்ஷினியை ஒரு பக்கமும் அணைத்துக்கொண்டு போனவள், அவர்களையும் மெல்லக் கானுக்குள் இறக்கினாள். பிறகு குடையை மடக்கினாள்.

நிரஞ்சன் காரை நிறுத்தி அந்தப் பக்கத்துக் கதவை எட்டித் திறந்தான். “கிருஷாந்தி, நீயாவது ஏறும்மா” என்றான். அவள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு கீழே பார்த்தாள். சுதர்ஷினியின் தலையிலிருந்து தண்ணீர் வழிந்து கண்ணுக்குள் இறங்கியது, அவள் துடைக்கவில்லை. திறந்த கதவு வழியாக மழை உள்ளே வந்து, தேய்த்துக் கழுவிய சீட்டையும் அதன் மேலிருந்த தேங்காய் மூடியையும் நனைத்தது. எஞ்சின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கார் தாண்டிப் போகட்டும் என்று அவர்கள் நின்றார்கள். அவன் போனால்தான் அந்தக் குடை விரியும்.